மொரேனாவுக்கு ஒரு நோயுமில்லை

“இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தக் கிளி இருக்கணும். முடிவு பண்ணு!”

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் தட்டி இப்படிச் சொன்னார் மொலெஃபி. ப்ளூம்ஃபொண்டெய்ன் ரயில்களில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலை விட்டு இறங்கினாரே தவிர, பரிசோதனையை விடவில்லை.

அவர் மனைவி மமெல்லோ சோளக்களியைத் தட்டில் வைத்துவிட்டு யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

“இதுல யோசிக்க என்னடி இருக்கு?”

“ரெண்டு பக்கமும் பார்க்க வேணாமா? நாளைக்குச் சொல்றேன்.”

கிளி என்றால் பச்சைக்கிளி அல்ல. சாம்பல் நிறம், சிவப்பு வால், பதினோரு வயது. பெயர் மொரேனா. அந்த ஊர்ப் பேச்சில் ‘பிரபு’ என்று அர்த்தம். “மொரேனா, சாப்பிட்டீங்களா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். “இன்னும் இல்லை” என்பார் மொலெஃபி. “உங்களைக் கேக்கல” என்று பதில் வரும். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

மறுநாள் தீர்ப்பு வந்தது.

“சரி, கிளியே போகட்டும். பக்கத்து நாட்டுல, விண்ட்ஹுக்ல இருக்கிற நம்ம கரபோகிட்ட அனுப்பிடலாம். பெத்த பொண்ணு, நல்லா வச்சுக்குவா. ஆனா, எல்லை தாண்டணும்னா ரத்தப் பரிசோதனை, இறகுப் பரிசோதனை, டாக்டர் சான்று, அனுமதின்னு ஆயிரம் தாள் வேணுமாம். அதெல்லாம் உங்களால ஆகாது. விடுங்க.”

“யாரால ஆகாது?”

அன்று மத்தியானமே புதுக் கோப்பு ஒன்று வாங்கிவிட்டார் மொலெஃபி.

பறவை மருத்துவர் டாக்டர் ஸ்டெய்ன் கண்டிப்பான பெண்மணி. ஏழு நாள் காலை எச்சம் வேண்டும் என்றார். மொலெஃபி விடிந்ததும் சின்ன டப்பாவோடு கூண்டடியில் குந்திக் காத்திருந்தார். தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டபோது மொரேனா டாக்டரை விட்டுவிட்டு, துண்டைப் பிடித்துக்கொண்டிருந்த மொலெஃபியின் கட்டைவிரலைக் கடித்தது. பிறகு இருமியது. நெஞ்சைப் பிய்க்கும் இருமல்.

டாக்டர் முகம் மாறியது. “நுரையீரல்ல சளி இருக்கும்போல. எக்ஸ்ரே படம் எடுத்துடலாம்.”

மொலெஃபிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். படத்தில் ஒன்றும் இல்லை. டாக்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போது மொலெஃபி இருமினார். அதே இருமல்.

“ஐயா, கிளி உங்களைத்தான் பார்த்துப் பழகியிருக்கு. கிளிக்கு ஒண்ணுமில்லை. நீங்க சீக்கிரம் ஒரு டாக்டரைப் பாருங்க.”

வீட்டுக்கு வந்து கொஞ்சம் குரல் தாழ்த்தியே சொன்னார். “டாக்டரம்மா என் இருமலைக் கேட்டுப் பயந்துட்டாங்க.”

“கிளிக்கு ஒண்ணுமில்லையே?” என்றாள் மமெல்லோ.

“இல்லை.”

“அப்பாடா.”

இறகுப் பரிசோதனை முடிவு வந்தது. மொலெஃபி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

“உன் பிரபு ஆம்பளையே இல்லடி! பெட்டை! தாள்லயே போட்டிருக்கு!”

மமெல்லோ கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தாள். “அப்ப இந்த வீட்ல பிரபுன்னு யாருமே இருந்ததில்லைன்னு சொல்லுங்க.”

கடைசியாக டாக்டர் ஒரு கேள்விப் படிவம் கொடுத்தார். பறவைக்கு என்ன பிடிக்கும், எதைக் கண்டால் பயம், எப்போது தூங்கும். மொலெஃபி இரண்டு பக்கம் நிறைய எழுதினார். சூரியகாந்தி விதை பிடிக்கும், துடைப்பத்தைக் கண்டால் பயம், மழை வந்தால் கால் மாற்றி மாற்றி நிற்கும். பரிசோதனை, சான்று என்று ஏழு வாரம் அருகிலேயே குந்தியிருந்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“இதைத் தனியா அனுப்ப முடியாது. பழகின ஆள் கூடப் போகணும். இல்லன்னா இறகையெல்லாம் பிடுங்கிக்கும்” என்றார் டாக்டர்.

அனுமதிப் படிவத்தில் ‘கூடச் செல்பவர்’ என்ற இடத்தில் மனைவி பெயரை எழுதினார் மொலெஃபி. இருபது மணி நேரம் பேருந்தில் கிளியோடு உட்கார அவருக்கென்ன பைத்தியமா?

புறப்படும் நாள் காலை, வாசலில் கூண்டு இருந்தது. பக்கத்தில் இரண்டு பெட்டி. அதன் பக்கத்தில் தையல் இயந்திரம்.

“ஒரு வாரத்துக்குத் தையல் மெஷின் எதுக்கு?”

“ஒரு வாரம்னு யார் சொன்னா?”

மொலெஃபிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒண்ணு நான், இல்ல கிளின்னுதானே கேட்டேன்?”

“நானும் நாள் பூரா யோசிச்சுத்தான் சொன்னேன், கரபோ அப்பா. போறேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? கிளிதான் போகுதுன்னு சொன்னதால ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினீங்க.”

“நான் என்னடி குறை வச்சேன்?”

“கிளியப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினீங்களே. என்னைப் பத்திக் கேட்டா ஒரு வரி எழுதுவீங்களா? எனக்கு என்ன பிடிக்கும்?”

மொலெஃபி யோசித்தார். “டீ... மூணு கரண்டி சர்க்கரை...”

“சர்க்கரையை விட்டு ஏழு வருஷம் ஆச்சு.”

பேருந்து நிலையத்துக்கு அவரே பெட்டியைத் தூக்கி வந்தார். கால்நடைத் துறை அதிகாரி கோப்பை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஏதாவது ஒரு முத்திரை விட்டுப்போயிருக்கக் கூடாதா என்று மொலெஃபி வேண்டிக்கொண்டார். விட்டுப்போகவில்லை.

“இவ்வளவு சுத்தமா ஒருத்தர் தாள் வச்சு நான் பார்த்ததேயில்லை. யாரும்மா செஞ்சது?”

“என் வீட்டுக்காரர்” என்றாள் மமெல்லோ. குரலில் பெருமை. பொய்யில்லாத பெருமை. முப்பத்து நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மொலெஃபி தன்னையறியாமல் நெஞ்சை நிமிர்த்தினார். அவர் நிமிர்ந்து முடிப்பதற்குள் பேருந்து போய்விட்டது.