விசில் நானாவும் முதலாளியின் நீச்சல் தடாகமும்

தண்டனை கொடுப்பதில் விசில் நானாவை மிஞ்ச இந்தப் புத்தளம் மாவட்டத்தில் ஒரு நீதவானும் கிடையாது. முந்தல் பக்கத்து இறால் தொழிற்சாலையில் அவர் கேற் காவலாளி, நான் கந்தோரில் எழுதுவினைஞன். குளிக்கும்போதுகூட அந்த விசில் கழுத்தை விட்டு இறங்காது என்று அவருடைய மனைவியே சாட்சி சொல்லியிருக்கிறார்.

பிழை செய்தவன் மட்டும்தான் அனுபவிக்க வேண்டும். இதுதான் அவர் சட்டம். ஒருமுறை என் சைக்கிளை மெனேஜரின் கார் நிற்கும் நிழலில் விட்டுவிட்டேன். மாலையில் பார்த்தால் சீற்றைக் காணோம்.

"சைக்கிள் என்ன குத்தம் செஞ்ச? அது நிழல்லயே நின்டிச்சு. பிழை ஒங்கட. நின்டுக்கிட்டே மிதிங்க" என்றார், கையில் ஸ்பேனரோடு.

கன்டீன் சமையல்காரர் சம்பலில் உப்பை அள்ளிக் கொட்டிய அன்று, சட்டி முழுவதையும் அவரே சாப்பிட வேண்டியதாயிற்று. பாவம், மாலைவரை தண்ணீர்க் குழாயடியை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதானது. திருத்தக் கொழும்பு முதலாளிக்கு மனமில்லை. உதிரிப்பாகம் கப்பலில் வருகிறது என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஊத்தைத் தண்ணீர் நேரே ஊரார் மீன்பிடிக்கும் களப்புக்குப் போனது. மீன்கள் செத்து மிதந்தன.

எங்கள் ஊர்ச் சிக்கல் என்னவென்றால், களப்பில் வலை வீசுவது கணவன், உள்ளே இறால் உரிப்பது மனைவி. கணவன்மார் வெளியே நின்று "பூட்டு! பூட்டு!" என்று கத்தினார்கள். மனைவிமார் உள்ளே நின்று "பூட்டினா அடுப்ப யார் மூட்டுற?" என்று கத்தினார்கள். ஒருவர் கோஷத்துக்கு நடுவில், மனைவி மறந்துவிட்டு வந்த சோற்றுப் பார்சலைக் கேற் வழியாக நீட்டியதை நானே கண்டேன்.

கடைசியில் சுற்றாடல் அதிகாரி சீல் வைக்க வந்தார். முதலாளியும் அன்று வந்திருந்தார். தொழிற்சாலை வளவுக்குள்ளேயே அவருக்கொரு பங்களா, அதன் முன்னால் புத்தம்புதிய நீச்சல் தடாகம். வேறு ஊர்களிலும் தொழிற்சாலை வைத்திருந்த மனிதர். முகத்தில் ஒரு கவலையும் இல்லை.

கேற்றை மறித்து நின்று நானா நீளமாக ஒரு விசில் ஊதினார்.

"சேர், இதப் பூட்டினா முதலாளி கொழும்புல போய் ஏசியில படுப்பார். பட்டினி கெடக்கிறது இந்தப் பொம்புளையள். யாருக்குத் தண்டன குடுக்கிறீங்க?"

"அப்ப களப்பு நாசமாப் போகட்டுமா? விலகுங்க நானா."

"களப்புக் குழாயத்தான் மூடச் சொல்றன்."

"மூடினா அந்தத் தண்ணி எங்க போகும்?"

நானா கையை நீட்டினார். "அந்தா, அவ்வளவு பெரிய தொட்டி ஈக்குதே."

எல்லோரும் நீச்சல் தடாகத்தைப் பார்த்தார்கள். அதிகாரி மீசையைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு களப்புக் குழாய்க்குச் சீல் வைத்து, இயந்திரம் ஓடும்வரை கழிவை வளவுக்குள்ளேயே தேக்க உத்தரவிட்டார். தேக்க வேறு இடம் இருக்கவில்லை. கோஷம் போட்ட மீனவர்களே குழாயை இழுத்துப்போய்த் தடாகத்தில் விட்டார்கள்.

"இது என்ட பூல்!" என்று முதலாளி அலறினார்.

"களப்பு இவங்கட" என்றார் நானா.

அந்த நாற்றத்தை இங்கே எழுதினால் நீங்கள் பத்திரிகையை மூடிவிடுவீர்கள். கப்பலில் வந்துகொண்டேயிருந்த உதிரிப்பாகம் மறுநாளே வேனில் வந்து இறங்கியது. இயந்திரம் ஓடியது. ஒரு பெண்ணுக்கும் வேலை போகவில்லை.

நானாவுக்குத்தான் போனது. முதலாளி அவரை நிற்பாட்டிவிட்டார்.

அடுத்த காலை பெண்கள் வந்தார்கள். ஒருவரும் உள்ளே போகவில்லை. "விசில் சத்தம் கேக்காம போய்ப் பழக்கமில்ல" என்றார் மூத்த ராத்தா ஒருவர். கணவன்மாரும் வந்து அவர்கள் பக்கத்தில் நின்றார்கள். நானும் நின்றேன். உள்ளே இறாலின் ஐஸ் கரையத் தொடங்கியதும் மெனேஜரே ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் நானாவைக் கூட்டி வந்தார்.

இறங்கியவர் முதலில் பெண்களைத்தான் ஏசினார். "முதலாளி செஞ்ச பிழைக்கு ஒங்கட சம்பளத்தயா வெட்டிக்கிற? போங்க உள்ள!" குரல்தான் கடுமை, கண் கலங்கியிருந்தது. விசில் ஊதினார். சிரித்துக்கொண்டே போனார்கள்.

மாலையில் என் சைக்கிளில் சீற் இல்லை. கந்தோர்க்காரன் கந்தோரில் இருக்காமல் வெளியே நின்ற குற்றம்.

வீடுவரை நின்றுகொண்டே மிதித்தேன். மனுஷன் திரும்பி வந்துவிட்ட சந்தோஷத்தில் கால் வலி தெரியவேயில்லை.