மாடி ஏறும் முன் ஒரு மாத்திரை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கை வீட்டுக்காரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் தங்கையின் முழங்கால் மட்டும் நலமில்லை, வாய் நலமே. நெஞ்சுவலி மாத்திரை பழகிப்போய்விடும் என்று பயந்து, நீங்கள் அதை அலமாரியில் பூட்டி வைத்திருப்பதாகக் கேள்வி. அதனால்தான் இந்தக் கடிதம்.

பேத்தி பிறந்து நாற்பது நாளாகியும் நான் இன்னும் முகம் பார்க்காமல் இருந்தேன். முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸில் லிஃப்ட் ஓட்டி வளர்த்த மகன், லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடிபோயிருக்கிறான். எனக்கோ பத்துப் படி ஏறினால் நெஞ்சைப் பிடிக்கிறது. போனில் படம் அனுப்புகிறான். படத்தைத் தூக்கிக் கொஞ்ச முடியுமா? டாக்டரிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். "தாராளமா போங்க. ஏறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி உக்காந்துக்கிட்டு நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வைங்க. மெதுவா ஏறுங்க. நடுவுல வலிச்சா அங்கேயே உக்காந்து இன்னொண்ணு. அஞ்சு நிமிஷத்துல விடலைன்னா, வீரம் காட்டாம ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார்.

மருந்துக்கடைக்காரர் இருக்கிறாரே, அவருக்குத் தொண்டையா அது, ஒலிபெருக்கி! பத்துப் பேர் நிற்கிற இடத்தில், "ஐயா, வீரிய மாத்திரை ஏதாவது போடுறீங்களா? இதோட சேர்ந்தா பிரஷர் தடால்னு இறங்கிடும், உயிருக்கே ஆபத்து" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தங்கை, "இவரா? சேச்சே!" என்றாள். மானம் கப்பலேறியது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் புண்ணியவதி, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மாத்திரைகளைக் கண்ணாடிப் புட்டியிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டாள். புட்டியை விட்டு வெளியே வந்தால் வீரியம் போய்விடுமாம், மறுபடி கடை, மறுபடி ஒலிபெருக்கி! புதுப் புட்டியோடு நேற்று மகன் குடியிருக்கும் கட்டடத்துக்குப் போனேன். முப்பத்திரண்டு வருஷம் முக்காலியில் உட்கார்ந்தவன், உட்கார வேண்டிய ஒரே ஒரு நாளில் நின்றுகொண்டே மாத்திரையை வைத்தேன். தலை கிர்ரென்று சுற்றிக் காவலாளியின் மடியில் போய் விழுந்தேன். அந்த நல்ல மனுஷன் ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

இன்று அவர் நாற்காலியிலேயே சமர்த்தாக உட்கார்ந்தேன். மாத்திரை, ஐந்து நிமிஷம், அப்புறம் படிப்படியாக நின்று நின்று ஏறினேன். மச்சான், நெஞ்சு வலிக்கவே இல்லை! கதவைத் திறந்த ஆயாவிடம் "தாத்தா வந்திருக்கேன்" என்றேன். "வாங்க தாத்தா, அம்மா தூங்குறாங்க" என்று குழந்தையைக் கையில் கொடுத்தாள். மருமகளை எழுப்பாதே என்று சைகை காட்டிவிட்டு உட்கார்ந்தேன். அடடா! மூக்கு அச்சு அசல் என் மூக்கு. என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. அழுதுவிட்டேன். மாத்திரையால் தலைதான் விண்விண் என்று தெறித்தது. அது அப்படித்தான் இருக்குமாம், போகட்டும். பூட்டைத் திறங்கள் மச்சான், டாக்டரைக் கேட்டு நீங்களும் ஏறுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
பேத்தி கண்ட தாத்தா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மகன் போன் செய்தான். "என்னப்பா, இன்னைக்கும் வரலையா? காலையிலேருந்து பாத்துக்கிட்டே இருக்கோம்" என்கிறான். எங்கள் ஆபீஸ் லிஃப்ட்டில் தரைத்தளத்துக்கே ஒன்று என்றுதான் எண். அந்தப் பழக்கத்தில் இரண்டாவது மாடியையே மூன்று என்று எண்ணி, ஒரு மாடி குறைவாக ஏறியிருக்கிறேன். யார் பெற்ற பிள்ளையோ, என் மூக்கோடு பிறந்திருக்கிறது! தயவுசெய்து மூக்கு விஷயத்தை மட்டும் உங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள்.