கன்னியப்பன் சொன்ன தாளம்

ஏழாவது நிமிடத்தில் பாட்டு மறுபடியும் குப்புற விழுந்தது. வயலின்கள் ஒரு பக்கம் போயின, சாக்ஸபோன் இன்னொரு பக்கம் போனது, நடுவில் டிரம்ஸ் மட்டும் கேட்பாரில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது.

இளம்பரிதி கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். ஏழு வருடமாக அவன் மண்டைக்குள் ஓடிய ஆல்பம் இது. ராக் பாட்டு, அதற்குள் மேற்கத்திய வயலின் கூட்டம், அதற்கும் உள்ளே ஜாஸ். ஐந்து பாட்டு முடிந்துவிட்டது. மிச்சம் இந்தப் பதினெட்டு நிமிடப் பாட்டு ஒன்றுதான். மாதா கோயில் கூடம் சனிக்கிழமை வரைதான் கிடைக்கும். ஞாயிறன்று வயலின் தலைவர் அந்துவான் பிரான்சுக்கு விமானம் ஏறுகிறார், போனால் பேரப்பிள்ளைகள் திரும்ப விடமாட்டார்கள். இன்றைக்கு வியாழன். விட்டால் ஆல்பம் அம்போதான்.

"தம்பி, நீ பத்து அடின்னு எழுதியிருக்க. நாங்க ஏழு வயலினும் பத்துதான் வாசிக்கிறோம்" என்றார் அந்துவான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கியவர், எதையும் எண்ணித்தான் செய்வார். பிரெஞ்சு வழக்கப்படி எல்லாருக்கும் அவர் 'முசியே'. "உன் ஜோர்தான் எத்தன ஊதுறான்னு அவங்க அம்மாவுக்கே தெரியாது."

"எண்ணிக்கிட்டே ஊதுனா அது ஜாஸா முசியே? கணக்குப் பாடம்" என்று சொல்லிவிட்டு ஜோர்தான் சாக்ஸபோனைக் கீழே வைத்தான். கிட்டார், டிரம்ஸ் ஆட்கள் இருவரும் சிரித்தார்கள். அவன் சிகரெட் பிடிக்க வெளியே போனான்.

அப்போதுதான் இளம்பரிதி வாசலைப் பார்த்தான். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறியது. உதடு முணுமுணுத்தது. ஒவ்வொரு கணுவுக்கும் தலை ஒருமுறை ஆடியது. ஜோர்தான் தாண்டிப் போனதும் "ப்ச்" என்று சலித்துக்கொண்டு முதல் கணுவிலிருந்து ஆரம்பித்தார்.

இளம்பரிதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படித் தாளம் போடுகிற கை சாமானியக் கையாக இருக்குமா? ஜோர்தானைக் கூப்பிட்டு மறுபடி வாசிக்க வைத்துவிட்டு, பூனைபோல அவரிடம் போனான்.

"எத்தன வருதுங்க?"

"பதினொண்ணு. சரிதானே?"

இளம்பரிதி ஜோர்தானின் மூச்சைக் கவனித்தான். அட, ஒரு அடி அதிகமாகத்தான் இழுக்கிறான். "சரியாத்தான் இருக்கும்போல."

"அப்ப பதினொண்ணு. நடுவுல மாத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பாட்டைப் பதினொன்றுக்கு மாற்றினான். வயலின்கள் தள்ளாடின. அடியில் கனமான சத்தம் வேண்டுமென்று தவளக்குப்பத்திலிருந்து செல்லோ வாசிக்கும் அண்ணன் தம்பி இருவரையும் உடனே வரவழைத்தான். அவர்கள் வந்ததில் பாட்டு ஒன்பதாவது நிமிடம் வரை போய், முன்னைவிடப் பலத்த சத்தத்தோடு விழுந்தது. போதாததற்கு மத்தியானம் சோறும் இழுபறி. அண்ணன் தம்பி கொலைப்பசியில் முறைத்தபடியே வாசித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த விபூதிக்காரரே வந்தார். முகம் வாடியிருந்தது.

"நேத்து பதினொண்ணுன்னு சொன்னேன். பத்தாம போச்சுங்க. எனக்கு மனசே ஆறல, தூக்கமே இல்ல."

இளம்பரிதிக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டிய மனைவி ஹேமலதாகூட இந்தப் பாட்டுக்காக ஒரு நாள் தூக்கம் கெட்டதில்லை. "இப்ப எத்தன வருதுங்க?"

அவர் நிதானமாகக் கணுக்களை எண்ணினார். "பதிமூணு."

"நோன், முடியாது" என்றார் அந்துவான். "பட்டாளத்துல முப்பது வருஷம் இருந்தேன். பதிமூணுக்கு எவனும் நடந்ததில்ல."

"நடக்க வேணாம் முசியே, வாசிங்க."

வாசித்தார்கள். யார் எந்த அடியில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. சத்தமாகத் தாளம் தட்டிக் காட்டவென்றே, மத்தியானத்துக்குள் மிருதங்க வாத்தியார் ஒருவரையும் அவருடைய மச்சானையும் பிடித்து வந்தான் இளம்பரிதி. இருவரும் ஆளுக்கொரு இடத்தில் தட்டிவிட்டு, யார் தட்டியது சரி என்று சண்டை பிடித்தார்கள். சோறு இன்றைக்கும் இழுபறி. ஜோர்தான் பசியில் சாக்ஸபோனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். அவனைக் கெஞ்சிக் கூத்தாடி எடுக்க வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

சனிக்கிழமை வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான் இளம்பரிதி. அவர் வந்தார். ஒருமுறை எண்ணினார். சந்தேகம் தீராமல் இன்னொருமுறை எண்ணினார்.

"பதினஞ்சு" என்றார். "உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன், இதோட நிறுத்திக்குங்க. இதுக்கு மேல ஏத்துனா என்னால ஆவாது."

"சத்தியமா ஏத்த மாட்டேங்க."

பதினைந்து. அந்துவான் அதை மூன்று ஐந்தாகப் பிரித்துக்கொண்டார். ஜோர்தான் கேட்காமலே ஐந்து மூன்றாக ஊதினான். இரண்டும் வேறு வேறு வழியில் போய் ஒரே இடத்தில் வந்து இறங்கின. ஏழாவது நிமிடம் தாண்டியது, பன்னிரண்டு தாண்டியது. மச்சான்கள் இருவரும் சண்டையை மறந்து ஒன்றாகத் தட்டினார்கள். பதினெட்டாவது நிமிடத்தில் கடைசி வயலின் ஓய்ந்தது. அந்துவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இளம்பரிதிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

ஒரு மணிக்கு அவர் மறுபடி வாசலில் தெரிந்தார். இளம்பரிதி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உங்க பேரு என்னங்க?"

"கன்னியப்பன்."

"ஆல்பம் அட்டையில மொதல்ல உங்க பேருதான். 'தாளம் - கன்னியப்பன்'. இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கப்பா கிட்டதான். பாத்த ஒடனே அளவு சொல்லிடுவாரு. அதுக்கு எதுக்குங்க என் பேரெல்லாம்?"

"பாருங்க முசியே, என்ன ஒரு அடக்கம்" என்றான் இளம்பரிதி.

கன்னியப்பனை விலக்கிக்கொண்டு, இடுப்பில் ஒரு பெரிய கூடையோடு அவர் மனைவி மாலா உள்ளே வந்தாள்.

"பதினஞ்சு பொட்டலமும் சரியா இருக்கான்னு பாத்துக்குங்க சார், மூணு நாளா இவரு காலையில வந்து தலைய எண்ணிட்டுப் போறாரு, சோறு வெந்து வர்றதுக்குள்ள நீங்க ரெண்டு பேரச் சேத்துடுறீங்க."