புதுவாயல்ல நேராப் போ

பொய் சொன்னா ஒரு ஆளு நம்புற அளவுக்குத்தான் சொல்லணும். ரொம்ப நல்லா சொல்லிட்டா, தெருவே வேன் புடிச்சுக்கினு கூட வந்துடும். எனக்கு வந்துச்சு.

நான் எளாவூர்க்காரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். (எங்க தெருவுல அதுக்கே தனி மரியாதை!) எங்க பக்கம் கம்பெனிக்குப் பஞ்சமில்ல. இரும்பு, டயரு, மருந்து எல்லாம் செய்யறான். கொழந்தை நிக்கலைன்னா மட்டும் மெட்ராசுக்குத்தான் ஓடணும். ஊசிக்கு ஒரு தரம், ஸ்கேனுக்கு ஒரு தரம்னு என் மருமக அமுதா மாசக்கணக்கா ஓடினா. கடைசியா, ஆஸ்பத்திரியில வெச்சு வளர்த்த கருவை வயித்துக்குள்ள வெக்கிற நாள் வந்துச்சு. காலையில பத்து மணிக்கு அங்க இருக்கணும். தவறினா அவ பட்ட பாடெல்லாம் வீண்.

முந்தின நாள் பக்கத்து ஊட்டு கன்னியம்மா எட்டிப் பார்த்தா. "இன்னாக்கா, பொடவையெல்லாம் அயர்ன் பண்ணி வெச்சிருக்க?"

உண்மையைச் சொல்ல என் கௌரவம் விடுமா? "திருவாலங்காடு போறோம். ஒரு வேண்டுதல்"னேன்.

விடிஞ்சு கதவைத் தொறந்தா வாசல்ல வேன் நிக்குது! உள்ள தெருப் பொம்பளைங்க, மல்லிப்பூ வாசனை, ஒரு அண்டா புளிசோறு. "சாமி காரியத்துக்கு பஸ்ல போறதா? ஏறுக்கா!"ன்னா கன்னியம்மா. வழியில ஏதாவது சொல்லி எறங்கிக்கலாம்னு ஏறிட்டேன். (பெரிய புத்திசாலின்னு நெனைப்பு.)

கரு வெக்கும்போது மூத்திரப்பை நெறைஞ்சிருக்கணுமாம். தண்ணி குடிச்சு அடக்கிக்கினு வரணும்னு டாக்டரம்மா உத்தரவு. அமுதா பாட்டிலைக் காலி பண்ணிட்டு நெளிஞ்சுக்கினு வந்தா. பின் சீட்டு ராஜாத்தி பார்த்துட்டா.

"வேனை நிறுத்துப்பா, பொண்ணு ஒதுங்கிட்டு வரட்டும்!"

"அய்யய்யோ, கூடாது!"ன்னேன் நான்.

"ஏன் கூடாது?"

"அது... வேண்டுதல்!"

"ஒண்ணுக்குப் போவாம இருக்கறதா? இது எந்த சாமிக்குக்கா?"

அதுக்குள்ள புதுவாயல் வந்துடுச்சு. நேராப் போனா மெட்ராசு, வலப்பக்கம் திரும்பினா திருவாலங்காட்டு வழி. டிரைவர் வலப்பக்கம் கை காட்டுற லைட்டைப் போட்டான். டிக் டிக்னு அது அடிக்குது, நான் எட்டி டிரைவர் தோளைப் புடிச்சேன்.

"நேராப் போ!"

"கோயிலு இந்தப் பக்கம் பெரிம்மா."

"எனக்குத் தெரியும். நேராப் போ!"

பின்னாடி லாரிக்காரனுங்க ஹாரனை அழுத்துறானுங்க. "அத்தை, சொல்லிடுங்க, என்னால முடியல"ன்னு அமுதா அழுதுட்டா. அப்புறம் என்ன கௌரவம்? எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

கன்னியம்மாதான் மெதுவா கேட்டா. "வாசல்ல பச்சை கலர் கேட்டு போட்ட ஆஸ்பத்திரியாக்கா?"

"உனக்கெப்படிடி தெரியும்?"

"என் பேரன் அங்க உண்டானவன்தான். மாசாமாசம் திருவாலங்காடுன்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போவேனே..."

"அப்போ எனக்குக் குடுத்த விபூதி?"

"கும்முடிப்பூண்டி பூஜை சாமான் கடையில வாங்கினதுக்கா."

(அதைத்தான் நெத்தி நெறைய பூசிக்கினு, தெருவுக்கே பங்கு வேற குடுத்தேன்!)

சிரிச்ச சிரிப்புல வேனே ஆடுச்சு. "என்னைச் சிரிக்க வெக்காதீங்க, தாங்காது!"ன்னு அமுதா கெஞ்சறா. ராஜாத்தி டிரைவர் முதுகுல தட்டினா. "மிதிப்பா!" மிதிச்சான். பத்து அடிக்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரி வாசல்.

ஷிஃப்ட் முடிச்சு அங்க காத்துக்கினு இருந்த என் புள்ள, வேன்லேர்ந்து பொம்பளைங்க எறங்க எறங்க வாயைப் பொளந்தான். "இன்னாம்மா, கல்யாணத்துக்கா வந்தீங்க?" உள்ள நர்சம்மா, "அமுதா கூட வந்தவங்க யாரு?"ன்னாங்க. அத்தினி பேரும் எழுந்து நின்னோம்.

அந்தக் கரு இப்போ ஊடு பூரா ஓடுது. பேரு வெச்சது கோமதி, தெருவுல கூப்பிடறது வேன் பாப்பா. அவளைத் தூக்கிக்கினு திருவாலங்காட்டுக்கு நெசமாவே போய்ட்டு வந்தோம். ஆனா எங்க தெருவுல யாரும் நம்பல.

போன வாரம் பின் தெரு புதுப்பொண்ணு ஒருத்தி, கையில பெரிய தண்ணி பாட்டிலோட என்னைத் தாண்டிப் போனா. "எங்கம்மா?"ன்னேன்.

"திருவாலங்காடு, பெரிம்மா."

"போய்ட்டு வா தாயி. புதுவாயல்ல நேராப் போ"ன்னேன்.