தேசிய தினம் எது?

அன்பு மகள் பெனிஷாவுக்கு,

பாண்டிச்சேரி நெல்லித்தோப்பிலிருந்து அப்பா அல்போன்ஸ் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். லியோனில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் பூசையில் வேண்டிக்கொள்கிறோம். அங்கே குளிர் என்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொள்.

"அப்பா, பிரான்சுல ரொம்ப நீளமான ஆறு எது? டக்குன்னு சொல்லு."

போன மாதம் நீ போனில் இப்படித்தான் ஆரம்பித்தாய். முப்பது வருடம் பூகோளம் நடத்தியவனிடம் மகள் இன்னும் ஆறு பற்றிக் கேட்கிறாளே என்று எனக்கு ஒரே பூரிப்பு. லுவார் என்றேன். நாலைந்து நாள் கழித்துத்தான், அந்த நாட்டுக் குடியுரிமைக்கு ஒரு தேர்வு எழுத வேண்டும், சரித்திரம் பூகோளம் பண்பாடு எல்லாவற்றிலும் கேட்பார்கள் என்று சொன்னாய். பூரிப்பு கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் நான் வாத்தியார். தேர்வு என்று வந்துவிட்டால் பிள்ளை தேற வேண்டும். தேறிய பிள்ளை எங்கே போகும் என்று வாத்தியார் கேட்கக்கூடாது. ஆகவே நானே கேள்வி கேட்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து நீ பஸ்ஸுக்கு நிற்கும் நேரமெல்லாம் நான் கேட்க நீ சொல்ல, "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிடுகிறது. போனில் இடமில்லாததால்தான் இந்தக் கடிதம்.

வகுப்பில் நடத்தும் முன் வீட்டில் நடத்திப் பார்ப்பது என் பழைய வழக்கம் அல்லவா. இப்போதும் உன்னிடம் கேட்க வேண்டியதை முதலில் இங்கே கேட்டுப் பார்க்கிறேன். மாணவர்கள் இரண்டு பேர். ஒன்று அம்மா. இன்னொன்று எதிர்வீட்டுச் சக்கரபாணி. நம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக் கம்பெனியில் ஓய்வு பெற்றதிலிருந்து காலைக் காபி நம் வீட்டில்தான் அவருக்கு. போன செவ்வாய்க்கிழமை, தேசிய தினம் எது என்று கேட்டேன். நீ அனுப்பிய கேள்வித்தாளில் எந்த நாட்டின் தேசிய தினம் என்று போடவில்லை. அவர்கள் தாளில் அவர்கள் ஏன் போடப் போகிறார்கள்? நானும் அப்படியே வாசித்துவிட்டேன். வந்தது வினை.

"இதுல என்னா சார் இருக்கு? ஆகஸ்ட் பதினஞ்சு" என்றார் சக்கரபாணி.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "அது தமிழ்நாட்டுக்காரங்களுக்கு. பாண்டிச்சேரிக்கு, பிரான்சுக்காரன் விட்டுட்டுப் போன நவம்பர் ஒண்ணு. சகல புனிதர் திருநாளும் அன்னைக்குத்தான். நான் பூசைக்குப் போயிட்டு வந்து டிவில கொடியேத்தறதப் பாப்பேன்."

"அப்பிடிப் பாத்தா, சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறுனது ஆகஸ்ட் பதினாறும்மா. கீழூர்ல கொடி ஏத்தறாங்களே, பாத்ததில்ல?"

"மொதல்ல பதினஞ்சுன்னீங்க, இப்ப பதினாறுங்கறீங்க. விட்டா பொங்கல் வரைக்கும் போவீங்க போலருக்கு!"

அடுப்பில் ரவை கருகியது. காபியில் சர்க்கரை விழவில்லை. இருவரையும் அதட்டி உட்காரவைத்து, "ஜூலை பதினாலு" என்றேன்.

"அது யாருக்கு?" என்றாள் அம்மா.

"நம்ம பொண்ணுக்கு."

அதன்பிறகு யாரும் சண்டை போடவில்லை. சர்க்கரை இல்லாத காபியைச் சக்கரபாணி அப்படியே குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அம்மாவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கேளுங்க" என்றாள். மலை, மன்னர், புரட்சி, அவர்கள் சின்னமான சேவல் என்று கேட்டதெல்லாம் பட்பட்டென்று சொன்னாள். உன்னைவிட நன்றாகவே சொன்னாள், கோபித்துக்கொள்ளாதே. முடிந்ததும் கேட்டாள்: "எல்லாம் சரியாச் சொன்னா எனக்கும் அந்தப் பாஸ்போர்ட்டு குடுப்பாங்களா?"

"அங்க போயி குடியிருந்தாத்தான் குடுப்பாங்க."

"அப்ப குடியிருக்கறதுக்கு என்னா கேள்வி கேப்பாங்க? அதைக் கேளுங்க, சொல்றேன்."

"அது சிலபஸ்லயே இல்லைங்கம்மா" என்றார் சக்கரபாணி. அவர் சிரிக்கத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

நீ இதையெல்லாம் படித்து மனம் கலங்கக்கூடாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். விழுப்புரம் பஸ்ஸில் போனால் வில்லியனூர் நம்முடையது, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடியும் நம்முடையது. பஸ்ஸில் இருப்பவர் யாராவது ஊருக்கு ஊர் வேறு ஆளாகிவிடுகிறார்களா? ஜன்னலோரத்தில் தூங்குகிறவர் தூங்கிக்கொண்டேதான் இருக்கிறார். பாஸ்போர்ட்டும் அப்படித்தான். தைரியமாகத் தேர்வு எழுது. தேர்வு ஜனவரியில் என்பதால் கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம், லீவில் உட்கார்ந்து படி. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வீடு நிறையச் சக்கரபாணி இருக்கிறார்.

மாதா உன்னைக் கைப்பிடித்து நடத்தட்டும். உன் பஸ் தினமும் சற்றுத் தாமதமாக வரட்டும்.

உன் அப்பா,
அல்போன்ஸ்

பி.கு.: கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கிறிஸ்துமஸ் வரியில் நிறுத்தி, "யாரைக் கேட்டு எழுதனீங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தால் நான் என்னைக்கூடக் கேட்கவில்லை. ஆகவே மேலே உள்ள புத்திமதி முழுவதையும் அடித்துவிடு, பஸ் உதாரணம் உட்பட. அந்த ஜன்னலோரத்துக்காரர் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார் என்பதை எழுத விட்டுவிட்டேன். இன்றைக்குக் கேள்வி பதில் கிடையாது, ஒரே ஒரு பயிற்சிதான்: புத்தகத்தை மூடிவிட்டு, டிசம்பரில் சென்னைக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்.