ஒரு முறைக்கு ஆறு கட்டம்

கல்லடிக் கடற்கரையில் ஒரே மாதத்தில் மூன்று படகு இஞ்சின்கள் பட்டப்பகலில் களவு போனதைத் தொடர்ந்து, பொதுமக்கள் பங்களிப்புடன் குற்றத்தடுப்பு என்னும் பொருளில் உயர்மட்டக் கூட்டமொன்று நடைபெற்றது. வடையும் பிளேன்டீயும் வழங்கப்பட்டன.

தலைமை தாங்கிய இணைப்பதிகாரி கிறிஸ்டியன் சேர், மகளின் கணினியில் ஒரு விளையாட்டைக் கண்டிருந்தார். சாதாரண சனங்களே கள்ளரைப் பிடிக்கும் விளையாட்டு. ஒருவர் நகரும்போது மற்றவர்கள் அசையக்கூடாது. ஒரு முறைக்கு ஆறு கட்டம், ஒரு செயல். எல்லோரும் முடித்த பின் எதிராளியின் முறை.

"நம்மட ஆக்கள் எல்லாரும் ஒண்டா ஓடுறாங்க. அதுதான் கள்ளன் தப்புறான்," என்றார் சேர்.

விதிகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவன் நான். ஒரு வரியும் விடவில்லை. அதுவே சுற்றறிக்கையாயிற்று. மணலில் சுண்ணாம்பால் கட்டம் கீறினோம், காற்று அழித்தது. அழிந்த கட்டங்களும் நடைமுறையில் உள்ளவையாகவே கருதப்படும் என்று திருத்தம் வந்தது.

புருஷன் செத்தபின் படகைத் தானே நடத்தும் சீதேவி அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"சேர், கள்ளனுக்கும் முறை குடுக்கிறயளா?"

"குடுக்காட்டி அநீதியல்லவா?"

"என்ட இஞ்சினும் போனா நான் என்னத்தத் தின்னுற?"

"அது வேற பிரிவு."

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ஒருவன் சீதேவி அக்காவின் இஞ்சினைத் தோளில் தூக்கினான். சுற்றறிக்கைப்படி அமைத்த எங்கள் பிடிகுழு ஆயத்தமானது. ஓய்வுபெற்ற தபாலதிபர் நல்லரத்தினம் அண்ணன் ஆறு கட்டம் நடந்து, விசில் ஊதி, நின்றார்.

"இன்னும் ரெண்டு எட்டு வையுங்கண்ணே, பிடிச்சிரலாம்," என்றேன்.

"ஒண்ணாது தம்பி. என்ட முறை முடிஞ்சி."

மேர்டில் ரீச்சர் ஆறு கட்டம் நடந்து, கள்ளனின் சட்டை நிறத்தைக் குறித்துக்கொண்டார். நான் ஆறு கட்டம் நடந்து, சுற்றறிக்கையைச் சரிபார்த்தேன்.

கள்ளன் திரும்பிப் பார்த்தான். "எல்லாரும் முடிச்சாச்சா?"

"ஓம், இனி நீங்க," என்றார் ரீச்சர்.

அவன் சரியாக ஆறு கட்டம் நடந்து, இஞ்சினை இறக்கி வைத்து வியர்வை துடைத்தான். கனமான இஞ்சின், ஓய்வு அவனுக்கும் தேவைதான். சேரின் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, பயிற்சியே இல்லாதவன்."

நாங்கள் ஆறு, அவன் ஆறு. தூரம் குறையவுமில்லை, கூடவுமில்லை. இப்படியே றோட்டு வரைக்கும் கண்ணியமாகப் போனோம். அங்கே அவனுடைய ஓட்டோ நின்றது. ஓட்டோவுக்கு எத்தனை கட்டம் என்று விதியில் இல்லை. அவசரக் கூட்டம் கூட்டினோம்.

அதற்குள் சீதேவி அக்கா துடுப்போடு ஓடி வந்து அவன் முழங்காலில் ஒன்று போட்டார்.

"அக்கா, இது உங்கட முறையில்ல," என்றான் கள்ளன், றோட்டோரத்தில் கிடந்தபடி.

அதை எழுத்தில் தரும்படி சேர் கேட்டார். தந்தான். விசாரணை முடியும்வரை இஞ்சின் அலுவலகக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டப்பட்டது. அங்கேதான் பாதுகாப்பு என்று கண்டறியப்பட்டதால், கடற்கரையில் மிஞ்சிய பதினேழு இஞ்சின்களையும் முற்காப்பாக அங்கேயே ஒப்படைக்கத் தீர்மானித்தோம். எதிர்ப்பில்லை. அந்தக் கூட்டத்துக்குச் சீதேவி அக்காவுக்கு அழைப்பும் இல்லை.

அன்றிலிருந்து கல்லடியில் ஒரு இஞ்சினும் களவு போகவில்லை. மாவட்டத்தின் முன்மாதிரிக் கடற்கரை என்று சான்றிதழ் கிடைத்தது.

மீன் வாங்கத்தான் பஸ் ஏறி ஏறாவூருக்குப் போகிறோம். போன கிழமை பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் சீதேவி அக்கா, மடியில் வெறுங்கூடையோடு.