காற்றைக் கழுவித் துடைத்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாமியாரும் சுகம். காற்றின் சுகம்தான் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பேத்திக்கு வீசிங் இருப்பதால், எங்கள் வீட்டுக் காற்று சுத்தம் என்று தெரிந்தால்தான் அவளை விடுமுறைக்கு அனுப்புவேன் என்று சொல்லி, காற்றை அளக்கும் கருவி ஒன்றை அனுப்பியிருந்தீர்கள். பச்சை விளக்கு என்றால் நல்லது, சிவப்பு என்றால் கெட்டது. காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் ரசாயனப் பாடம் நடத்தியவனுக்கு இது ஒரு விஷயமா? மாப்பிள்ளை கொடுத்த பொருளைத் தூசியோடு வைக்கக்கூடாதென்று, கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேயை நன்றாக அடித்துப் பளபளவென்று துடைத்து அலமாரியில் வைத்தேன். வைத்ததும் சிவப்பு.

எனக்குச் சந்தேகமே இல்லை. கீழே இருக்கும் மெக்கானிக் கடைதான் காரணம். குடியிருப்போர் சங்கத்தில் பேத்தியின் பெயரைச் சொல்லிக் கண்கலங்கி, ஒரு வாரத்துக்குக் கடையை மூட வைத்துவிட்டேன். மெக்கானிக் அன்றைக்கே ஷட்டரை இறக்கினார். என் பங்குக்கு நானும் சும்மா இருக்கவில்லை. காலையில் தரைக்கு எலுமிச்சை வாசனை லோஷன், கழிவறைக்கு பினாயில், சோபாவுக்கு ஒரு ஸ்பிரே, கதவு ஜன்னலுக்கு பாலிஷ், மாலையில் மூலைக்கு மூலை ரூம் ஸ்பிரே, ராத்திரி கொசுவுக்குத் திரவம், இடையிடையே எனக்கு சென்ட். கருவி சிவப்பிலிருந்து இறங்கவே இல்லை. நான் லோஷனை இரண்டு மூடியாக்கினேன். உங்கள் மாமியார் தும்மித் தும்மி ஓய்ந்து, தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

தனியாக இருந்தவனுக்கு வேலை ஓடவில்லை. துடைக்கவில்லை, பெருக்கவில்லை, குளிப்பதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். மறுநாள் பார்த்தால் கருவி பச்சை. மாப்பிள்ளை, நான் படித்தவன். நடந்ததைத்தான் சொல்ல முடியும். அவர் போனார், காற்று சுத்தமாகிவிட்டது. இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாதென்று பக்குவமாக போன் போட்டு, பேத்தி வந்து போகும் வரைக்கும் அங்கேயே தங்கிவிட முடியுமா என்று கேட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

வந்தவரை வாசமாக வரவேற்போம் என்று ரூம் ஸ்பிரேயோடு வாசலில் நின்றேன். கருவி சிவந்தது. "பாத்தியா" என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் பேசினார்.

"நான் இன்னும் வாசப்படியே தாண்டல. உங்க கையில என்ன இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். ரசாயன வாத்தியாரின் கையில் ரசாயனம் இருந்தது.

எல்லா டப்பாவையும் மூட்டை கட்டினோம். வெறும் தண்ணீரில் தரையைத் துடைத்து ஜன்னலைத் திறந்துவைத்ததும் பச்சை வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் வழியாக வெளியே போனதெல்லாம் எங்கே போயிருக்கும்? தெருவுக்குத்தான். இந்தக் கட்டடத்தில் எத்தனை வீடு, இந்த ஊரில் எத்தனை கட்டடம், ஒவ்வொன்றிலும் என்னைப் போல ஒரு சுத்தக்காரன். எல்லோருமாகச் சேர்ந்து ஊர்க்காற்றில் கலந்துவிட்டு, பழியை மட்டும் வண்டிப்புகையின் தலையில் போடுகிறோம். வண்டிப்புகையும் யோக்கியமில்லைதான். ஆனால் அதற்குக் கூட்டாளி நான். மெக்கானிக்கிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

அவர், "இப்ப கடையத் தொறக்கட்டுமா சார், இல்ல நீங்க இன்னும் சுத்தம் பண்ண வேண்டியது இருக்கா?" என்றார்.

ஆகவே நாளது தேதியில் வீடு பச்சை. பேத்தியைத் தைரியமாக அனுப்பலாம். அவளைப் பார்க்காமல் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. மகளுக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள். உங்களுக்கு என் மரியாதை.

இப்படிக்கு,
அன்பு மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் சந்தோஷம் தாங்காமல், பேத்தி படுக்கப்போகிற அறைக்கு அவளுக்குப் பிடித்த ஊதா நிறத்தில் நானே பெயிண்ட் அடித்துவிட்டேன். கதவுக்கு வார்னிஷும் ஆயிற்று. கருவியில் இப்போது எந்த நிறமென்று நான் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையை அனுப்ப வேண்டாம். நாங்கள் அங்கே வருகிறோம். உங்கள் மாமியார் ஏற்கெனவே பெட்டியோடு தெருவில் நிற்கிறார்.